காரோ மலையில் தங்க, நிலம் பார்க்க வருகிறவர்களுக்கு: பாஞ்சார் (முன்பணம்) கொடுக்கும் முன் படியுங்கள்

பினாங்கிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது யாராவது எனக்குப் போன் செய்கிறார்கள். "சுமத்ராவில் ஆரஞ்சுத் தோட்டம் வெச்சிருக்கீங்களாமே, எங்களுக்கும் ரெண்டு ஏக்கர் பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். தோட்டம் என் பெயரில் இல்லை. என் பெயரில் இருக்கவும் முடியாது. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பதினான்கு மாதமும், திரும்பி வராத 3 கோடி ரூபியா முன்பணமும் செலவாயின. 3 கோடி என்றதும் பதற வேண்டாம், அப்போதைய மாற்று விலையில் ஒன்பதாயிரம் ரிங்கிட். ஆனாலும் என் காசு.

நான் இருப்பது வட சுமத்ராவின் காரோ மாவட்டத்தில், சிபாயாக் எரிமலையின் அடிவாரத்தில், பெராஸ்தாகி ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி உள்ள ஒரு காய்கறிக் கிராமம். மனைவி காரோ இனத்தவர். முட்டைக்கோஸ், கேரட், உருளை, தக்காளி, ஆரஞ்சு, காப்பி, கொடித்தோடம்பழம் எல்லாம் விளைகிற மண். விடுமுறைக்கு வந்து ஊர் பிடித்துப்போய், கொஞ்ச நாள் தங்கலாமா, நிலம் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக நான் பட்டதை வரிசையாக எழுதுகிறேன். வரிசை முக்கியம். நான் 6ஆவது படியில் தொடங்கி 1ஆவது படிக்கு இறங்கி வந்தவன்.

1. வந்து சேருங்கள், ஆனால் சரியான மாதத்தில்

மேடானின் குவாலா நாமு விமான நிலையத்தில் இறங்கி, ரயிலில் மேடான் நகரம். அங்கிருந்து பாடாங் புலான் பகுதிக்குப் போனால் பெராஸ்தாகி, கபன்ஜாஹே போகும் சிறு பஸ்கள் வரிசையாக நிற்கும். பஸ் நிறைந்ததும் கிளம்பும், கால அட்டவணை கிடையாது. நான் கடைசியாகக் கொடுத்தது 20,000 ரூபியா. பெரிய பெட்டி இருந்தால் அதற்கும் ஒரு சீட்டுக் காசு கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். கூரைமேல் கட்டினால் வழியில் வரும் சிபோலாங்கித் வளைவுகளில் உங்கள் நிம்மதி போய்விடும்.

தூரம் 70 கிலோமீட்டருக்குள்தான். இரண்டரை மணி நேரம் என்பார்கள். சனிக்கிழமை காலை மேலே ஏறுவதும் ஞாயிறு மாலை கீழே இறங்குவதும் ஐந்து மணி நேரம் எடுக்கலாம். நோன்புப் பெருநாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் அந்தச் சாலையை மறந்துவிடுங்கள்.

வீடு, நிலம் பார்க்க வருகிறீர்கள் என்றால் எல்லாரும் சொல்வது ஜூன், ஜூலை. வானம் தெளிவாக இருக்கும், மலை அழகாகத் தெரியும். நான் சொல்வது அக்டோபர், நவம்பர். மழை அடித்துப் பெய்யும். எந்த வீடு ஒழுகுகிறது, எந்தத் துண்டு நிலத்தில் தண்ணீர் நிற்கிறது, எந்த மண்பாதையில் லாரி ஏறாது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ஊர் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவில் 16, 17 டிகிரிக்கு இறங்கும். கம்பளி வேண்டும்.

2. விசா: இலவச 30 நாளில் ஏமாறாதீர்கள்

மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் விசா இல்லாமல் நுழையலாம். இங்கேதான் முதல் பொறி. அந்த 30 நாளை நீட்டிக்க முடியாது, வேறு அனுமதியாக மாற்றவும் முடியாது. ஒரு மாதத்துக்குமேல் தங்க நேரலாம் என்ற சந்தேகம் இருந்தால், இலவசத்தை விட்டுவிட்டு 500,000 ரூபியா கட்டி விசா ஆன் அரைவல் எடுங்கள். அதை ஒரே ஒரு முறை, இன்னொரு 500,000 கட்டி, மேலும் 30 நாளுக்கு நீட்டிக்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கும் இதே விசா ஆன் அரைவல் உண்டு. குடிவரவுத் துறையின் இணையதளத்திலேயே முன்கூட்டி வாங்கிவிட்டால் வரிசை மிச்சம். பாஸ்போர்ட்டில் 6 மாதம் மீதி இருக்க வேண்டும், திரும்பும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். வருகைப் படிவத்தைப் பறப்பதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பிவிடுங்கள்.

நீட்டிப்புக்குப் படம் பிடிக்க நேரில் போக வேண்டும். உங்கள் முகவரி எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் போய் ஒரு நாள் முழுக்க வீணாயிற்று. காலாவதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள், கடைசி வாரத்தில் ஏதாவது பொது விடுமுறை வந்து நிற்கும். ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் 10 லட்சம் ரூபியா அபராதம், ஒவ்வொரு நாளுக்கும். இப்படிக் கூடுதலாகத் தங்கியது 60 நாளைத் தாண்டினால் நாடு கடத்தி, மீண்டும் நுழையத் தடை போடுவார்கள்.

இரண்டு மாதத்துக்கு மேல் என்றால் 60 நாள் சுற்றுலா விசாவை முன்பே வாங்கிக்கொண்டு வந்து, நீட்டித்து நீட்டித்து 180 நாள் வரை இருக்கலாம். ஓர் ஊரைத் தெரிந்துகொள்ள அதுவே சரியான அளவு. நட்டதிலிருந்து அறுவடை வரை ஒரு பயிரை முழுசாகப் பார்த்துவிடலாம்.

சுற்றுலா விசாவில் வேலை செய்யக்கூடாது. சம்பளம் வாங்கினால்தானே வேலை என்று நினைக்காதீர்கள். நண்பரின் வயலில் தினமும் கேரட் பிடுங்கி, 'என் தோட்டம்' என்று படம் போட்டு, வாங்குபவர்களிடம் விலை பேசினால் பிரச்சினைதான். அனுமதியை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தினால் 5 ஆண்டு வரை சிறை, 50 கோடி ரூபியா வரை அபராதம் என்று 2011 குடிவரவுச் சட்டம் சொல்கிறது. அது கடைசி எல்லை. பெரும்பாலும் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

இந்தோனேசியரை மணந்தவர்களுக்குக் குடும்பத் தங்கல் அனுமதி உண்டு, இத்தாஸ் என்பார்கள். அது இருந்தால் குடும்பத்தைக் காப்பாற்ற வேலையோ தொழிலோ செய்யச் சட்டம் இடம் தருகிறது. என்னிடம் இருப்பது அதுதான்.

3. முதல் நாளே லாபோர்

கிராமத்து நுழைவிலேயே பலகை இருக்கும்: விருந்தாளிகள் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பெயர் லாபோர். ஹோட்டலில் தங்கினால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் தங்கினால் வீட்டுக்காரரோடு கிராமத் தலைவர் வீட்டுக்குப் போய், பாஸ்போர்ட் நகலும் நுழைவு முத்திரை அல்லது ஈவிசா நகலும் கொடுங்கள். செலவு எதுவும் இல்லை. ஒரு கிலோ சீனியும் காப்பித்தூளும் கொண்டுபோனால் நல்லது. இத்தாஸ் கிடைத்த பிறகு மாவட்டக் குடிமைப் பதிவு அலுவலகத்தில் வசிப்பிடச் சான்று தனியாக எடுக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிட்டு அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது முழிப்பார்கள்.

காகிதத்தில் இல்லாத லாபோர் இன்னொன்று உண்டு. காரோ மக்களில் ஐந்து குலங்கள்: கிந்திங், தாரிகான், செம்பிரிங், காரோ-காரோ, பெராங்கின்-ஆங்கின். யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி குலம். நான் தமிழன் என்றதும் காப்பிக் கடையில் ஒரு பெரியவர், "அப்படியென்றால் நீ செம்பிரிங்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். செம்பிரிங்கின் கிளைகளில் சொலியா, பாண்டியா, பிராமணா என்றெல்லாம் பெயர்கள் உண்டு. என் மனைவி கிந்திங், அதனால் தப்பித்தேன். பொதுவாக ஒரே குலத்துக்குள் மணம் கூடாது.

தாய்மாமனையும் பெண் கொடுத்த மாமனாரையும் இங்கே மாமா என்றே அழைக்கிறார்கள், மாமியார் மாமி. மாமன் மகள்தான் மணக்க உகந்த பெண் என்பதும் நமக்குத் தெரிந்த கதை. தெரியாதது ஒன்று உண்டு. மருமகன் மாமியாரிடம் நேரடியாகப் பேசக்கூடாது. நான் முதல் வாரமே சமையலறையில் போய், "மாமி, இன்னைக்கு என்ன குழம்பு" என்று கேட்டேன், வீடே உறைந்துபோனது. மூன்றாவது ஆள் மூலமாகப் பேச வேண்டும். ஆள் இல்லாவிட்டால் சுவரிடம் சொல்வது போலச் சொல்ல வேண்டும். இளையவர்கள் இதில் கொஞ்சம் தளர்வாக இருக்கிறார்கள், பெரியவர்கள் இல்லை. நிலப் பேச்சில் வீட்டுப் பெண்களிடம் நேரடியாக விலை கேட்டுச் சிக்கிக்கொள்ளாதீர்கள்.

4. வீடு

வாடகை மாதக் கணக்கில் கிடைப்பது அரிது. கொன்த்ராக் என்ற பெயரில் ஓராண்டுக் காசை மொத்தமாக முன்னால் கேட்பார்கள். மூன்று அறை, பாதி செங்கல் பாதி பலகை வீட்டுக்கு முதல் ஆண்டு நான் கொடுத்தது 1 கோடி 20 லட்சம் ரூபியா. பெராஸ்தாகி ஊருக்குள் இதைவிட அதிகம். ஒரு மாதம் விருந்தினர் விடுதியில் தங்கி, நடந்து திரிந்து, பிறகு பிடியுங்கள்.

பார்க்க வேண்டியவை:

- மின்சாரம் எத்தனை வாட் இணைப்பு? பழைய வீடுகளில் 900 இருக்கும். வெந்நீர்க் கருவியைப் போட்டதும் இருட்டாகிவிடும். முன்கட்டண மீட்டர் என்றால் டோக்கன் வாங்கி 20 இலக்கத்தை அழுத்த வேண்டும்.
- தண்ணீர் மலை ஊற்றுக் குழாயா, கிணறா? ஊற்று என்றால் யார் யாருக்குப் பங்கு?
- பக்கத்து வயலில் கோழி எரு எங்கே கொட்டுகிறார்கள்? மக்காத எருவை மூட்டை மூட்டையாக இறக்குவார்கள். ஈ மொய்க்கும் மாதங்களில் சோற்றுத் தட்டை மூடி மூடிச் சாப்பிட வேண்டும். இதை எந்த வீட்டுக்காரரும் சொல்ல மாட்டார்.
- மருந்தடிக்கும் வயலுக்கும் சமையலறை ஜன்னலுக்கும் எவ்வளவு தூரம்?

ஒப்பந்தத்தை இந்தோனேசிய மொழியில் எழுதி, 10,000 ரூபியா முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சியோடு கையெழுத்து வாங்குங்கள். அந்த முத்திரையை மெத்தராய் என்பார்கள், தபால் நிலையத்தில் கிடைக்கும். வாடகை வருமானத்துக்கு 10 சதவீத வரி உண்டு. அதை யார் கட்டுவது என்று ஒரு வரி எழுதாவிட்டால் ஆண்டு முடிவில் உங்கள் தலையில் வந்து விழும். 3 கிலோ பச்சை எரிவாயு உருளை மானியத்தில் ஏழைகளுக்கு வருவது, அதை வாங்காதீர்கள்.

5. மலாய் தெரியும் என்ற மிதப்பு

நம் ஊர்க்காரர்கள் விழும் இடம் இது. வீட்டுக்காரர், "வாடகையோடு ஒரு கெரெத்தாவும் தருகிறேன்" என்றார். காரே தருகிறாரே என்று பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டேன். வந்தது ஒரு பழைய ஹோண்டா மோட்டார் சைக்கிள். மேடான் பக்கம் கெரெத்தா என்றால் அதுதான், காரை மோட்டார் என்பார்கள். "தண்ணீர் பெர்ச்சுமாவா" என்று கேட்டால் நாம் இலவசமா என்று கேட்கிறோம், அவர்கள் காதில் 'வீணா' என்று விழுகிறது.

பணத்தோடு சம்பந்தப்பட்டது பாஜாக். நமக்கு அது அடகுக் கடைப் பலகையில் இருக்கும் சொல். இந்தோனேசிய மொழியில் வரி. மேடானிலோ சந்தை! ஒரே பேச்சில் வரியும் சந்தையும் வந்தால், எது எதுவென்று கூச்சப்படாமல் கேளுங்கள். நில அளவிலும் கவனம் வேண்டும். இங்கே ஏக்கர் கிடையாது, ராந்தே. ஒரு ராந்தே 400 சதுர மீட்டர், 25 ராந்தே ஒரு ஹெக்டேர். நம் ஏக்கர் ஏறத்தாழ 10 ராந்தே.

6. நிலம்

மெதுவாகப் படியுங்கள்.

முழு உரிமை, அதாவது ஹாக் மிலிக், இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். 1960ஆம் ஆண்டின் நிலச் சட்டம் அப்படித்தான். வெளிநாட்டவருக்கு நேரடியாகவோ சுற்றி வளைத்தோ அந்த உரிமையை மாற்றினால் அந்த விற்பனை செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணமும் திரும்பாது. தங்கல் அனுமதி உள்ள வெளிநாட்டவர் வீட்டுக்காக ஹாக் பாகாய் என்ற பயன்பாட்டு உரிமை பெறலாம். முதலில் 30 ஆண்டு, பிறகு 20 நீட்டிப்பு, 30 புதுப்பிப்பு. அது வீட்டுக்கு, கோஸ் போடுவதற்கு அல்ல.

"அதெல்லாம் சட்டம், நடைமுறையில் என் மச்சான் பெயரில் போட்டுக்கலாம், பக்கத்திலேயே கடன் பத்திரமும் அதிகாரப் பத்திரமும் எழுதிக்கலாம்" என்று காப்பிக் கடையில் ஒருவர் சொல்வார். கண்டிப்பாகச் சொல்வார். அந்த மச்சான் நல்லவராகவும் இருப்பார். அவர் இறந்த பிறகு அவருடைய நான்கு பிள்ளைகளும் மூன்று மருமக்களும் உங்களுக்கு என்ன உறவு என்று யோசியுங்கள். நீதிமன்றத்துக்குப் போனால் பினாமி என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

மனைவி அல்லது கணவர் பெயரில் வாங்கலாமே என்றால், வாங்கலாம், ஆனால் இரண்டு பூட்டு. இரண்டிலும் நான் மாட்டினேன்.

முதல் பூட்டு சொத்து. திருமணத்துக்குப் பிறகு வாங்குவது இருவருக்கும் பொது. பாதி வெளிநாட்டவருடையது என்றாகிவிடுவதால் நிலப் பத்திர நோட்டரி கையெழுத்துப் போட மாட்டார். சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் வேண்டும். முன்பெல்லாம் அது திருமணத்துக்கு முன்னால் மட்டும்தான். அரசியல் சாசன நீதிமன்றம் 2015ஆம் ஆண்டின் 69ஆம் எண் வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பிறகு, மணமான பின்பும் செய்துகொள்ளலாம். நாங்கள் பினாங்கில் பதிவுத் திருமணம் செய்தவர்கள். ஆகவே வரிசை இப்படிப் போனது: திருமணச் சான்றிதழைப் பினாங்கு இந்தோனேசியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்த்து, இங்கே குடிமைப் பதிவு அலுவலகத்தில் திருமணத்தைப் பதிந்து, நோட்டரியிடம் பிரிப்புப் பத்திரம் எழுதி, அதையும் அதே அலுவலகத்தில் குறிப்பேற்றி. வெளிநாட்டுத் திருமணத்தை நாடு திரும்பிய 30 நாளில் தெரிவித்திருக்க வேண்டும். நாங்கள் இரண்டு ஆண்டு தாமதம், அபராதம் கட்டினோம். எல்லாம் முடிய ஐந்து மாதம். இந்தியாவில் மணமானவர்களுக்குச் சற்று எளிது. தூதரகச் சான்றொப்பம் இல்லாமலே ஆவணங்களை ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் இருக்கின்றன, இந்தோனேசியாவில் அது 2022இல் நடைமுறைக்கு வந்தது. தூதரகத்துக்கு அலைய வேண்டாம்.

இரண்டாவது பூட்டு முகவரி. விவசாய நிலத்தின் சொந்தக்காரர் அதே வட்டத்திலோ ஒட்டிய வட்டத்திலோ வசிக்க வேண்டும், தூரத்தில் இருந்துகொண்டு வயல் வைத்திருக்கக் கூடாது. என் மனைவியின் அடையாள அட்டை மேடான் முகவரியில் இருந்தது. அதை மாற்றினோம், குடும்ப அட்டையையும் மாற்றினோம்.

இவ்வளவையும் முடித்த பிறகுதான் நிலம் பார்க்கக் கிளம்பியிருக்க வேண்டும். நான் நிலம் பார்த்து, பாஞ்சார் கொடுத்துவிட்டுத் தொடங்கினேன். பாஞ்சார் என்பது முன்பணம். விற்றவர் நல்ல மனிதர்தான், ஆனால் அது அவருடைய தாத்தா நிலம். ஜகார்த்தாவில் ஓர் அக்கா, ரியாவு மாகாணத்தில் ஒரு தம்பி. அவர்கள் கையெழுத்துப் போட மறுத்தார்கள். பாஞ்சார் அதற்குள் ஒரு கல்யாணத்தில் செலவாகியிருந்தது.

ஆகவே பணத்தைத் தொடும் முன் கேட்க வேண்டிய காகிதங்கள்:

- நில அலுவலகம் கொடுத்த சான்றிதழ் இருக்கிறதா? காரோவில் நிறைய நிலத்துக்கு இல்லை. வட்ட அதிகாரியின் கடிதம், கிராமத் தலைவரின் கடிதம், மெத்தராய் ஒட்டிய ரசீது ஆகியவைதான் இருக்கும். அவை உரிமைப் பத்திரம் அல்ல. அவற்றை வைத்துச் சான்றிதழ் எடுக்கலாம், அந்தச் செலவும் காலமும் விற்பவருடையதாக இருக்கட்டும்.
- சான்றிதழ் இருந்தால் நோட்டரி மூலம் நில அலுவலகத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள். வங்கியில் அடமானம் இருந்தால் தெரிந்துவிடும். நில அமைச்சின் செந்து தானாகு செயலியில் இடத்தையும் பார்க்கலாம்.
- பரம்பரை நிலம் என்றால் வாரிசுச் சான்று, எல்லா உடன்பிறந்தவர்களின் கையெழுத்து. பெண் பிள்ளைகளையும் சேர்த்து.
- கடைசி ஐந்து ஆண்டு நில வரி ரசீது.
- காடு எல்லையிலோ பாதுகாக்கப்பட்ட உணவுப் பயிர் நிலத்திலோ வருகிறதா? அதில் வீடு கட்ட விட மாட்டார்கள்.

செலவு: வாங்குபவருக்கு 5 சதவீத மாற்று வரி, விலையில் விலக்குத் தொகை கழித்தது போக. விற்பவருக்கு 2.5 சதவீதம். நோட்டரி கட்டணம் அதிகபட்சம் 1 சதவீதம். விற்பவர் தன் வரியையும் உங்கள்மேல் போடுவது இங்கே சகஜம். "கையில் சுத்தமாக இவ்வளவு வேண்டும்" என்று சொன்னால் அதுதான் பொருள், கணக்கில் சேர்த்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

காடாய் என்று ஒன்றும் காதில் விழும். நிலத்தை அடகு வாங்கி, கடன் திரும்பும் வரை பயிர் செய்வது. ஊரில் பழைய வழக்கம். ஏழு ஆண்டு பயிர் செய்துவிட்டால் பணம் வாங்காமலே நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அடகு கொடுப்பவருக்கு இது நன்றாகத் தெரியும், வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

7. பயிரில் பணம் போடுவது

நேர்வழி என்றால் பி.டி. பி.எம்.ஏ. எனப்படும் அந்நிய முதலீட்டு நிறுவனம். ஒவ்வொரு தொழில் வகைக்கும் 10 பில்லியன் ரூபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் வேண்டும், ஏறக்குறைய 2.5 மில்லியன் ரிங்கிட். 2025 அக்டோபரில் செலுத்திய மூலதனத்தின் குறைந்தபட்சத்தை 2.5 பில்லியனாகக் குறைத்ததைப் பார்த்துவிட்டு, "இப்போ மலிவாயிடுச்சு" என்று ஏஜெண்டுகள் சொல்கிறார்கள். மொத்தத் திட்டத் தொகை குறையவில்லை. சிறு தோட்டம் வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆகாது.

அதனால் நம்மைப் போன்றவர்களுக்கு மீதி இருப்பது குடும்பம். மனைவி பெயரில் 12 ராந்தே வைத்திருக்கிறோம். இரண்டே விஷயம் சொல்கிறேன்.

ஆரஞ்சு. நட்டு மூன்று, நான்கு ஆண்டு கழித்துத்தான் காய் வரும். அதற்குள் பழ ஈ வந்துவிடும். பழம் மஞ்சளாகும்போது உள்ளே புழு இருக்கும், பொத்தென்று விழும். தோட்டம் முழுக்க வலை போடுகிறவர்கள் தப்பிக்கிறார்கள். அந்த வலைச் செலவை 'ஒரு மரத்துக்கு இத்தனை கிலோ' என்று கணக்குச் சொல்பவர்கள் யாரும் சேர்ப்பதில்லை. ஈ தாங்காமல் மரத்தை வெட்டிக் காப்பி நட்டவர்கள் எங்கள் கிராமத்திலேயே இருக்கிறார்கள். மரத்தோடு மலிவாக ஒரு தோட்டம் விற்பனைக்கு வந்தால், மரத்தடியில் குனிந்து விழுந்த பழங்களை எண்ணுங்கள்.

முட்டைக்கோஸ். மூன்று மாதத்தில் பணம் என்பார்கள். விலையைத் தீர்மானிப்பது லாரி கொண்டுவரும் தவுக்கே, அதாவது வியாபாரி. ஊரே ஒரே சமயத்தில் கோஸ் போட்டிருந்தால் வெட்டுகிற கூலிக்குக்கூட விலை வராது, வயலிலேயே அழுகவிடுவார்கள். போன ஆண்டு எங்களுடையது மாட்டுக்குப் போயிற்று. கேரட்டும் உருளையும் கோஸும் கலந்து போட்டால் ஏதாவது ஒன்று கைகொடுக்கும் என்று மாமா சொல்கிறார். அவர் சொல்வதை இப்போதெல்லாம் கேட்கிறேன்.

8. சினாபுங்கைக் கேட்காமல் நிலம் பேசாதீர்கள்

இங்குள்ள இன்னோர் எரிமலையான சினாபுங் 2010இல் விழித்தது. 2014இல் தடை எல்லைக்குள் போன பலரும், 2016இல் காம்பெர் கிராமத்தில் வயலில் இருந்தவர்களும் எரிமேகத்தில் இறந்தார்கள். பெக்கெரா, சிமாச்செம், சுக்காமெரியா கிராமங்களை முழுதாகக் காலி செய்து சியோசார் என்ற இடத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பக்கம் நிலம் பாதி விலைக்குச் சொன்னால் காரணம் அதுதான். மண் அருமையாகத்தான் இருக்கும்! அதிகாரபூர்வ நிலையை மக்மா இந்தோனேசியா தளத்தில் பாருங்கள், அபாய வரைபடத்தையும் அங்கேயே பார்க்கலாம். மலை அமைதியாக இருந்தாலும் கனமழையில் சாம்பல் சேறு ஆற்றோடு இறங்கும், ஆற்றங்கரைத் துண்டுகளை விட்டுவிடுங்கள். சாம்பல் விழுந்தால் இலைப் பயிர் ஒரே நாளில் போய்விடும். வாங்கும் முன், 2010க்குப் பிறகு இந்த வயலில் எத்தனை முறை சாம்பல் விழுந்தது என்று பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள், விற்பவரிடம் வேண்டாம்.

9. பணம், போன், மருந்து

மலேசிய, சிங்கப்பூர் வங்கிச் செயலிகளில் இங்குள்ள கியூஆரை ஸ்கேன் செய்து பணம் கட்டலாம். பெராஸ்தாகிக் கடைகளில் வேலை செய்கிறது, கிராமத்தில் ரொக்கம்தான். 10 கோடி ரூபியாவோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொண்டுவந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். நிலத்துக்கான பணத்தைப் பையில் கொண்டுவரவே வராதீர்கள். வங்கி வழியாக, நோட்டரி முன்னால்.

வெளிநாட்டில் வாங்கிய போனில் உள்ளூர் சிம் போட்டால் சுற்றுலாப் பயணிக்கு 90 நாள்தான் ஓடும். நீண்ட நாள் தங்குபவர்கள் வரும்போதே விமான நிலையச் சுங்கத்தில் போனைப் பதியுங்கள். பிறகு செய்வது அலைச்சல். சிம் என்றாலே இங்கே ஓட்டுநர் உரிமம் என்றும் பொருள், போலீஸ்காரர் சிம் கேட்டால் போனை நீட்டாதீர்கள்.

சின்ன வைத்தியத்துக்குக் கபன்ஜாஹே, பெரியதுக்கு மேடான். மேடான்காரர்களே வைத்தியத்துக்குப் பினாங்குக்குத்தான் பறக்கிறார்கள், விமானத்தில் அவர்களோடுதான் நான் போய் வருகிறேன். கிராமத்தில் நாய்கள் அதிகம், வெறிநாய்க்கடி உள்ள மாகாணம் இது. கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் அடுப்பு உள்ள வீடாகவே பிடிக்க வேண்டும். பி.பி.கே. என்று எழுதிய கடைகள் எல்லாம் சுட்ட பன்றி இறைச்சி. காய்கறிக் கூட்டில்கூட இறால் விழுது இருக்கும். ஆனால் காய்கறி விலையைப் பார்த்தால் சமைக்கத் தோன்றும்.

10. ஊர் சுற்றலும் கீழே இறங்குவதும்

சிபாயாக் உச்சிக்கு விடியற்காலையில் ஏறுவார்கள். வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். மூடுபனியில் வழி தவறியவர்கள் உண்டு. இறங்கியதும் செமாங்கத் குனுங் வெந்நீர்க் குளங்களில் காலை நனைத்துக்கொள்ளலாம். லிங்கா, தோக்கான் கிராமங்களில் எட்டுக் குடும்பம் ஒரே கூரையடியில் வாழ்ந்த பழைய வீடுகள் இருக்கின்றன. சிப்பிசோ-பிசோ அருவியும் தோங்கிங்கில் தோபா ஏரியும் ஒரே நாளில் முடியும். கெர்ஜா தாஹுன் என்ற ஆண்டு விழா கிராமத்துக்குக் கிராமம் வேறு மாதத்தில் வரும். அன்று யாரும் வயலுக்குப் போக மாட்டார்கள், எந்த அலுவலக வேலையும் நடக்காது, உங்களை மூன்று வீட்டில் சாப்பிட வைப்பார்கள்.

திரும்பும் நாளுக்கு ஒன்று. 2024 நவம்பரில் இந்த மேடான் சாலையில் மண்சரிவு விழுந்து வாகனங்கள் புதைந்தன, உயிர்கள் போயின. மழை மாதத்தில் இரவுப் பயணம் வேண்டாம். விமானம் எந்த நேரமாக இருந்தாலும் முந்தைய நாள் காலையே இறங்கி, மேடானில் ஒரு இரவு தங்குங்கள். நான் ஒருமுறை மதிய விமானத்துக்குக் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, சிபோலாங்கித்தில் லாரிகளுக்குப் பின்னால் நின்றபடி என் விமானம் போகிற சத்தத்தைக் கற்பனை செய்துகொண்டிருந்தேன்.